பூசையில் வைத்த நாற்பது பெட்டிகள்

காலை ஆறு ஐம்பத்திரண்டு. ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்திலிருந்து படியேறி வீதிக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு மடக்கு நாற்காலி. எங்கள் கடைக் கதவிலிருந்து இரண்டு அடி தள்ளி அது போடப்பட்டிருந்தது. அதில் ஒருவர் தடித்த போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பூட்டியிருந்த கடையின் உட்புறத்தைப் பார்த்தபடி இருந்தார். அவருக்குப் பின்னால் பதினான்கு பேர் நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன். கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியில் பன்னிரண்டு வருடம் துணை ஆசிரியராக இருந்தவள் நான். நிருபர்கள் "பெருந்திரளான மக்கள்" என்று எழுதி அனுப்பினால் அதை வெட்டிவிட்டு, எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்பது என் வேலை. பழக்கம் போகவில்லை.

கடை என்னுடையதல்ல. அக்காவும் அத்தானும் நடத்தியது. நான் கிழமையில் மூன்று நாள் கவுண்டரில் நிற்பேன். தொலைபேசிக் கண்ணாடி மாற்றுவது, பிரிண்டர் மை, சார்ஜர் என்று தொடங்கிய கடை அது. பிறகு அத்தான் பழுதான கேம் கொன்சோல்களைத் திருத்தத் தொடங்கினார். இந்த ஊரில் பலர் ஓட்டுவது ஜப்பானில் பாவித்து இங்கே இறக்கிய கார். சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்வாள். அவள் என்ன சொல்கிறாள் என்று யாரும் விசாரித்ததாக நான் கேள்விப்படவில்லை. அந்த நாட்டுக் கொன்சோல்களும் அதே மாதிரிதான் வீடுகளுக்குள் வந்திருந்தன. திருத்தக் கொண்டுவந்தவர்களில் பஸ் ஓட்டுநர் இருந்தார், தாதி இருந்தார், ஒரு பாதிரியாரும் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தான் அதில் மரக்கறித் தோட்டம் செய்வதாகவும் அறுவடை நேரம் பார்த்துப் பட்டன் வேலை செய்யாமல் போய்விட்டதாகவும் சொன்னார். அவர் வீட்டுக்குப் பின்னால் உண்மையான தோட்டம் ஒன்று இருந்தது. அதைப் பார்க்க ஆள் வைத்திருந்தார்.

அந்த வருடம் ஜப்பானிலிருந்து புதுக் கொன்சோல் ஒன்று வருவதாக அறிவித்தார்கள். இந்த நாட்டில் அதை விநியோகிக்கும் கொம்பனி பெரிய கடைகளுக்கு மட்டுமே கொடுப்பது வழக்கம். அத்தான் எட்டு மாதம் மின்னஞ்சல் அனுப்பினார். கடைசியில் நாற்பது பெட்டி தரச் சம்மதித்தார்கள். அது ஒரு பரீட்சை. வெளியீட்டு நாளன்று காலை ஒன்பது மணிக்கு விற்பனை தொடங்க வேண்டும். கொம்பனியின் பிரதிநிதி ஒருவர் வந்து பார்ப்பார். ஒழுங்காக நடந்தால் கடை அவர்களுடைய பட்டியலில் சேரும். இல்லாவிட்டால் சேராது. நாற்பதும் இரண்டே நாளில் முன்பதிவாகிவிட்டன. அத்தானுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பேரங்காடிகளில் தொலைபேசிக் கண்ணாடி மாற்றும் கடைகள் வரிசையாக வந்துவிட்டன. பட்டியலில் சேராவிட்டால் அடுத்த வருடம் கடை இருக்காது என்று அவர் எனக்கு இரண்டு தரம் சொல்லியிருந்தார். அக்காவுக்கு ஒரு தரம் சொல்லியிருந்தார்.

நான் பின்கதவால் உள்ளே போனேன். அத்தான் பின்னறை வாசலில் காலுறையுடன் நின்றார். சப்பாத்து ஓரமாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அறைக்குள் நாற்பது பெட்டிகளும் பத்துப் பத்தாக நான்கு அடுக்கில் நின்றன. நடுவில் ஒரு கும்பம். மாவிலைக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு எலுமிச்சை இலை. ஒவ்வொரு பெட்டியின் வலது மேல் மூலையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். கீழே ஒரு வெள்ளைத் துணியில் அத்தானின் ஸ்குரூட்ரைவர்கள், பெட்டி இலக்கத்தைப் படிக்கும் ஸ்கானர், என்னுடைய இரண்டு பேனாக்கள்.

முதல் நாள் சரஸ்வதி பூசை. பேனாக்களை வைக்க வரச் சொல்லி அக்கா என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் வந்தபோது பெட்டிகள் வந்த பெரிய கார்ட்டன்கள் பத்தும் வெட்டித் திறந்து கிடந்தன. "கார்ட்டன் மட்டைக்குப் பூசை செய்யேலுமே, உள்ளுக்கு இருக்கிறதுக்குத்தானே" என்று அக்கா சொன்னார். அது சரியென்றே பட்டது. அவித்த கடலையை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஏழு மணி ரயிலில் வீட்டுக்குப் போனேன்.

"இஞ்சை பாரும், உம்மடை அக்காவோடை நீரே கதையும்" என்றார் அத்தான். "நான் கதைச்சுக் களைச்சுப் போனன்."

அக்கா பின்னறைக்குள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்தார். மடியில் யாழ்ப்பாணத்திலிருந்து தபாலில் வந்த நாட்காட்டி.

"கதைக்க என்ன கிடக்கு? பூசையிலை வைச்ச ஆயுதத்தைத் தசமி தொடங்கினாப் பிறகுதான் எடுக்கிறது. அதுக்கு முன்னம் தொடப்படாது."

"தசமி எப்ப தொடங்குது?"

"விடிய அஞ்சு இருபத்தஞ்சுக்கு."

"அது போட்டுதே, அக்கா. இப்ப ஏழு மணி."

"இஞ்சத்தை ஏழு மணி. நாட்காட்டியிலை போட்டிருக்கிறது ஊர் நேரம்."

ஒக்டோபரில் ஆக்லாந்து, யாழ்ப்பாணத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருக்கும். அங்கே அதிகாலை ஐந்து இருபத்தைந்து என்றால் இங்கே மதியம் பன்னிரண்டு ஐம்பத்தைந்து. அதை அத்தானுக்குச் சொன்னேன்.

"ஏழரை எண்டு எது வந்தாலும் எனக்குச் சனிதான்" என்றார் அத்தான். பிறகு அறைக்குள் தலையை நீட்டி, "ஆர் உம்மை யப்பான்காரன்ரை பெட்டியைக் கொண்டுபோய்ப் பூசைக்கு வைக்கச் சொன்னது? ஸ்குரூட்ரைவரை வைச்சால் காணாதே?" என்று கேட்டார்.

"அந்த ஸ்குரூட்ரைவராலை போன வருசம் என்னத்தைக் கண்டனீங்கள்?"

அத்தான் சப்பாத்தைக் காலால் இன்னும் ஓரமாகத் தள்ளினார்.

"இந்த நாப்பதும் ஒழுங்காப் போனாத்தான் கடை எண்டு சொன்னது ஆர்? நீங்கள்தானே? அப்ப இந்தக் கடைக்கு எது ஆயுதம்? நீங்களே சொல்லுங்கோ."

"வெளியிலை சனம் நிக்குது."

"நிக்கட்டும். ஊரிலை இன்னும் ஒருத்தரும் எழும்பேல்லை."

இரண்டு பக்கமும் சொல்வதைக் கேட்டால் மூன்றாவதாக ஒருவரிடம் உறுதிப்படுத்த வேண்டும் என்பது எங்கள் பத்திரிகையின் விதி. கோயில் ஐயருக்கு அழைத்தேன். அவர் பால் வாங்க டெய்ரிக்குப் போயிருந்தார். ஏழு இருபதுக்குத் திருப்பி அழைத்தார். விஷயத்தை முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, திதி எண்டது சந்திரன்ரை கணக்கு. சந்திரன் ஒக்லண்டுக்கு ஒரு கணக்கும் ஊருக்கு ஒரு கணக்கும் வைச்சிருக்கிறேல்லை. மாறுறது மணிக்கூடுதான். அக்கா சொல்லுறது முழுக்கச் சரி."

இதை அவர் வாயாலேயே அத்தான் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அது புத்திசாலித்தனமான காரியம் அல்ல. ஐயர் வைப்பதற்கு முன் ஒன்று கேட்டார்: முன்பதிவு செய்யாதவர்களுக்கும் ஏதாவது மிஞ்சுமா?

எட்டரைக்குக் கொம்பனியின் பிரதிநிதி வந்தார். முப்பது வயது இருக்கும். மழைக்கோட்டு, கையில் ஒரு டப்லெட், மிகவும் பண்பான பெண். அத்தான் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். பின்னறையைக் காட்டவில்லை. வெளியே வரிசை பேக்கரியைத் தாண்டிப் போயிருந்தது. முப்பத்தொரு பேர்.

எட்டே முக்காலுக்கு அத்தான் கதவைத் திறந்து, தொழில்நுட்பக் காரணங்களால் தாமதம் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். மடக்கு நாற்காலிக்காரர் போர்வையை விலக்கி எழுந்தார். லின்ஃபீல்டில் இருப்பவர். கோயம்புத்தூர்க்காரர். முன்பதிவு செய்ய வந்தபோது அவருடன் பேசியிருக்கிறேன்.

"என்ன சார், லேட்டுங்கறீங்க? ஒம்போது மணிக்கு இங்க தர்றாங்கன்னா உலகத்துலயே மொதல்ல நமக்குத்தான் சார். அமெரிக்காவுல என் ஃப்ரெண்டு, கேம் சீக்கிரம் தொறக்கணும்னு அவன் அக்கவுண்ட்ல ஊரயே நியூசிலாந்துன்னு மாத்தி வச்சிருக்கான். அவன் மட்டுமில்ல, நெறயப் பேரு. நம்ம நேரத்துக்காக எல்லாரும் நாட்ட மாத்திட்டு உக்காந்திருக்காங்க. நீங்க லேட்டுங்கறீங்க."

உலகில் பலர் எங்கள் மணிக்கூட்டுக்கு மாறியிருந்தார்கள். எங்கள் பின்னறை யாழ்ப்பாணத்தில் இருந்தது.

அத்தான் அவரை உள்ளே கூப்பிட்டுத் தமிழில் உண்மையைச் சொன்னார். அவர் பின்னறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். கேட்காமலே சப்பாத்தைக் கழற்றினார். கும்பத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு தன்னுடைய பெட்டி எந்த அடுக்கில் இருக்கும் என்று கண்ணால் தேடினார்.

"வணக்கம்க்கா. இத கடைக்காரங்கதான தொடக் கூடாது?"

"ஓம். தொழில் செய்யிறவை தங்கடை ஆயுதத்தைத் தொடப்படாது."

"நாங்க வாங்க வந்தவங்க. எங்களுக்கு இது ஆயுதம் இல்லியே. நாங்களே எடுத்துக்கலாம்ல?"

அக்கா நாட்காட்டியை மூடினார். யோசித்தார். அத்தான் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நீர் என்ன வேலை, தம்பி?"

"சாஃப்ட்வேர்க்கா. பாங்குக்கு."

"உந்தப் பெட்டியாலை உமக்கு ஏதும் உழைப்பு வருமே?"

"எங்கக்கா. வீட்ல சண்டைதான் வரும்."

"அப்ப எடும்."

ஒன்பது மணி ஒரு நிமிடத்துக்கு முதலாவது பெட்டி வெளியேறியது. ஒரு நிமிடம் பிந்தியதை நான் பிரதிநிதியிடம் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் சப்பாத்துமாக வெளியே வந்ததை வரிசை பார்த்தது. அடுத்ததாக நின்ற பெரிய உடம்பு சமோவாக்காரர், ஒன்றும் விசாரிக்காமல் தன் சப்பாத்தைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் நின்றவர் குனிந்து கயிற்றை அவிழ்த்தார். ஐந்து நிமிடத்தில் பேக்கரி வரையும் எல்லோரும் காலுறையில் நின்றார்கள். இதுதான் இந்த வெளியீட்டின் முறை என்று நினைத்திருக்க வேண்டும். ஜப்பானிய வழக்கமாக்கும் என்று ஒருவர் தன் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

ஒருவர் ஒருவராக உள்ளே போனார்கள். அக்கா ஸ்டூலில் இருந்தபடி ஒவ்வொருவரிடமும் ஆங்கிலத்தில் தொழில் என்ன என்று கேட்டார். கூரை வேலை. பல் வைத்தியம். மாணவி. நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர். தொழிலைக் கேட்டுத் தலையாட்டியபின் எடுக்கச் சொன்னார். மூலையில் உள்ள சிவப்புப் பொட்டு என்ன என்று சிலர் கேட்டார்கள். "குட் லக்" என்றார் அக்கா. அது போதுமாக இருந்தது. ஒரேயொருவர் மட்டும், பெட்டியை உடைக்காமல் வைத்துப் பின்னர் விற்பவர் போலிருக்கிறது, பொட்டில்லாத பெட்டி வேண்டுமென்றார். பொட்டில்லாதது இல்லை என்றதும் அதையே எடுத்துக்கொண்டு போனார்.

ஸ்கானரும் பூசையில் இருந்தது. பேனாவும் இருந்தது. அதனால் பெட்டிகளின் இலக்கங்களைப் பதிய எங்களிடம் வழியில்லை. பிரதிநிதி அதைப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு பெட்டியையும் தன் டப்லெட்டில் படம் எடுத்தார். இடையிடையே சிரித்தார். இதுவரை தான் போன வெளியீடுகளில் இவ்வளவு அமைதியான வரிசையைப் பார்த்ததில்லை என்று அத்தானிடம் சொன்னார். அத்தானின் தோள்கள் கீழே இறங்கியதைக் கண்டேன். காலையிலிருந்து அவை காதுக்குப் பக்கத்தில் இருந்தன.

பத்தே கால் மணியளவில் ஒரு மெலிந்த மனிதர் உள்ளே போனார். அக்கா தொழிலைக் கேட்டார். அவர் நகர மையத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் கேம் செய்பவர். இந்தக் கொன்சோலுக்கும் அவர்கள் ஒன்று செய்துகொண்டிருந்தார்கள்.

"அப்ப இது உம்மடை ஆயுதம்" என்றார் அக்கா தமிழில். பிறகு ஆங்கிலத்தில், அவர் மட்டும் பன்னிரண்டு ஐம்பத்தைந்து வரை பொறுக்க வேண்டும் என்றார்.

அத்தான் பாய்ந்து வந்தார். "அந்தாளை விடுமப்பா! காசு கட்டினவன்!"

"எல்லாருக்கும் ஒரு சட்டம். தொழில்காரன் தொடப்படாது."

மெலிந்த மனிதர் ஏன் என்று கேட்டார். நான் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, தங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு நாள் இருந்தால் நல்லது என்றார். கவுண்டருக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்து, அக்கா கொடுத்த கடலையைச் சாப்பிட்டார்.

பிரதிநிதி இதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டில் கையை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. என் பக்கம் திரும்பி, ஆர்வமாகத்தான், இதை எப்போது வைத்தீர்கள் என்று கேட்டார்.

எப்போது என்று யாராவது கேட்டால் நான் நேரத்தைச் சொல்லிவிடுவேன்.

"நேற்று மாலை ஆறரைக்கு."

"பெட்டிகளிலா? வெளிக் கார்ட்டன்களிலா?"

"பெட்டிகளில். கார்ட்டன்களை ஆறு மணிக்கு வெட்டினோம்."

அவருடைய விரல் டப்லெட்டின் மேல் நின்றது. வெளியீட்டு நாளுக்கு முன் வெளிக் கார்ட்டன்களைத் திறக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஏழாவது பிரிவில் இருக்கிறது. முதல் நாள் திறந்து கிடந்த கார்ட்டன்களுக்குப் பக்கத்தில் நின்று கடலை சாப்பிட்டபோது அது எனக்கு நினைவு வரவில்லை. அவருடைய விரலைப் பார்த்தபோது வந்தது. அந்த ஒப்பந்தத்தை ஒவ்வொரு பிரிவாக அத்தானுக்கு வாசித்து விளங்கப்படுத்தியவள் நான்.

ஆனால் பெட்டிகள் முத்திரையோடுதானே இருந்தன, அறையும் பூட்டியிருந்தது என்றேன். அதையும் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். குறித்துக்கொண்டார்.

பதினொன்று பத்துக்கு முப்பத்தொன்பது பெட்டிகள் போய்விட்டன. பிரதிநிதி எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு அக்கா எழுந்து கற்பூரம் கொளுத்தினார். ஒரு ஸ்குரூட்ரைவரை அத்தானின் கையில் வைத்தார். என் பேனாக்களை என்னிடம் தந்தார். நாற்பதாவது பெட்டியை மெலிந்த மனிதரிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். அவரும் இரண்டு கையாலும் வாங்கினார். கற்பூரப் புகைக்குத் தீ எச்சரிக்கை மணி ஒலிக்கத் தொடங்கியது. அத்தான் அதன் கீழே நின்று ஒரு மட்டையால் விசிறினார். அன்று அவர் சந்தோஷமாக இருந்தார்.

மூன்று கிழமை கழித்து மின்னஞ்சல் வந்தது. அத்தான் அதைக் கவுண்டரில் நின்று சத்தமாக வாசித்தார். வாடிக்கையாளர்கள் நல்லபடியாகக் கருத்துத் தெரிவித்திருந்தார்கள். விற்பனை உரிய நேரத்தில் நடந்திருந்தது. ஏழாவது பிரிவு மீறப்பட்டதால் கடையைப் பட்டியலில் சேர்க்க முடியவில்லை.

"கார்ட்டனை முதல் நாளே திறந்தது அவைக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் அத்தான். "ஆர் சொன்னது?"

"நான்தான், அத்தான். அவ கேட்டவ. நான் சொல்லிப்போட்டன்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அவளைப் பேசாதையுங்கோ" என்றார் அக்கா. "திறந்தது நான். அவளுக்குப் பொய் வராது. பேப்பரிலை வேலை செய்தவள்."

"பேப்பரிலை வேலை செய்தவள் எண்டபடியால்தான் பொய் வரும் எண்டு நம்பியிருந்தனான்" என்றார் அத்தான்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்புக்குச் சொல்லவில்லை. அன்று பின்னேரம் கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினோம். பூசை என்றால் என்ன, ஏன் மூடிய கார்ட்டனுக்குச் செய்ய முடியாது என்பதை நான் ஒரு பக்கத்தில் எழுதினேன். அக்கா வாசித்துப் பார்த்து, ஒரு சொல்லும் பிழையில்லை என்றார். கொம்பனி பண்பாகப் பதில் அனுப்பியது. எங்கள் வழக்கங்களை மதிப்பதாகவும், விதி எல்லாக் கடைகளுக்கும் ஒன்றுதான் என்றும் எழுதியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரு சட்டம் என்று அன்று அக்கா சொன்னதை அத்தான் நினைவுபடுத்தவில்லை. அவர் மடலை மடித்துப் பிரிண்டர் மைப் பெட்டிகளுக்குக் கீழே வைத்தார்.

அந்தக் கொன்சோலை இரண்டு மாதத்துக்குள் பேரங்காடிகளில் எல்லோரும் வாங்கக்கூடியதாக இருந்தது. ஐயர் ஒன்று வாங்கினார். கோயம்புத்தூர்க்காரர் அவ்வப்போது கடைக்கு வந்து, வாங்க ஒன்றுமில்லாமல், மை வாங்கிக்கொண்டு போனார். அவரிடம் பிரிண்டர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கடையை மார்ச் மாதக் கடைசியில் மூடினோம். அத்தான் இப்போது நகர மையத்தில் ஒரு பெரிய கடையில், கொன்சோல் பகுதியில் வேலை செய்கிறார். வெளியீட்டு நாட்களில் அவர் காலை ஐந்தரைக்கு வேலையில் இருக்க வேண்டும்.